செரங்கெட்டிக்கு ஒரு நன்றியுரை

"நன்றியுரையோ? எனக்கோ? நான் கேக்க வந்தது கேள்வி, அத்தான். கேள்—"

"பொறு பிள்ளை, முழுக்கச் சொல்ல விடு. முதல் மங்கள விளக்கு. பிறகு வரவேற்புரை. பிறகு தலைமை—"

"நீங்கள் விளக்குக்குத் திரி திரிச்சு முடிய முன்னம் அந்தாள் பிளேன் ஏறிப் போயிடும்!"

"—தலைமையுரை. அதுக்குப் பிறகு என்ரை பேருரை. பொன்னாடை. கடைசியா நன்றியுரை, திருமதி பற்றிமா ஸ்ரிபன். பெண்களுக்கும் ஒரு இடம் குடுக்க வேணுமெண்டு நான்தான் சங்கத்திலை வாதாடினது, தெரியுமோ?"

"ஓம், பெரிய உபகாரம். எல்லாரும் கதிரை மடிக்கிற நேரத்திலை எனக்கொரு இடம்."

லோரன்ஸ் திறந்த வாயோடு தம்பியைப் பார்த்தார், அவனாவது ஏதும் சொல்லுவான் என்று. ஸ்ரிபன் சமையலறை மூலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். அண்ணனும் தன் மனைவி பற்றிமாவும் மோதுகிற நேரங்களில் அவனுக்கு உரிப்பதற்கு எப்போதும் வெங்காயம் இருக்கும்.

எண்பத்தெட்டாம் ஆண்டு கார்த்திகை மாதம். டென்மார்க்கின் மேற்குப் பக்கத்தில் ஸ்கீவ என்ற சின்னப் பட்டணம். வெளியே மூன்றரை மணிக்கே இருட்டத் தொடங்கியிருந்தது. மேசையில் லோரன்ஸின் தடித்த கண்ணாடியும், சிவப்பு மையால் கோடிட்ட நிகழ்ச்சி நிரலும் கிடந்தன. அந்தத் தாளை அவர் வேதப் புத்தகத்தைப் போல இரண்டு கையாலும் எடுத்து, இரண்டு கையாலும் வைத்தார்.

அறுபதைத் தாண்டிய மனிதர். ஒரு காலத்தில் தன்சானியாவில் அருஷா பட்டணத்தில், பூங்காக்களின் கணக்குக் கந்தோரில் பத்து வருடம் கிளாக்கராக இருந்தவர். ஸ்கீவவுக்கு வந்து மூன்று வருடமாகியும் அவர் அருஷாவை விட்டு இறங்கவில்லை. பஸ் பிந்தினால் அருஷா, மழை பெய்தால் அருஷா, வாங்கின மீன் பழுதாக இருந்தால் அருஷா. தமிழ்ச் சனம் அவரை 'ஆபிரிக்கா லோரன்ஸ்' என்று முதுகுக்குப் பின்னால் சொன்னது. பற்றிமா முகத்துக்கு முன்னாலேயே சொன்னாள்.

அவள் கேட்க நினைத்த கேள்வி என்னவென்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மூத்த மகள் சுஜாந்தினி மன்னாரில், பேசாலையில், சின்னம்மாவோடு இருந்தாள். எண்பத்தாறில் பற்றிமாவும் ஸ்ரிபனும் வெளிக்கிட்டபோது அவளுக்குப் பள்ளிக்கூடத்து ஓ.எல். சோதினை வருடம். சோதினையை முடிக்கட்டும், இங்கே அகதி அந்தஸ்துக் கிடைத்ததும் சட்டப்படி கூப்பிடலாம் என்று நம்பி விட்டுவிட்டு வந்தார்கள். அந்தஸ்துக் கிடைத்தது. விண்ணப்பமும் போட்டாயிற்று. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை அழைக்க அகதிக்கு உரிமை உண்டு என்று டெனிஷ் சட்டம் மயக்கமில்லாமல் சொன்னது. ஆனால் ஒரு வருடத்துக்கு மேலாகத் தமிழருடைய விண்ணப்பங்கள் மட்டும் கோப்பன்ஹேகனில் எங்கேயோ சப்பாணி கட்டிக் குந்தியிருந்தன. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. ரெலிபோன் எடுத்தால், பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு குரல். அடுத்த முறை எடுத்தால் வேறு குரல், அதே பரிசீலனை. தை பிறந்தால் சுஜாந்தினிக்குப் பதினெட்டு. அதன் பிறகு சட்டத்தின் கண்ணுக்கு அவள் பிள்ளை இல்லை.

அந்த நேரத்தில்தான் ஹன்னா ஒரு வழி சொன்னாள். ஹன்னா ஓய்வுபெற்ற ரீச்சர், அகதிகளுக்கு உதவுகிற குழுவில் ஓடித்திரிகிறவள். அந்தப் பக்கத்து எம்.பி. ஒருவர் இருந்தார். எம்.பி. நினைத்தால் நாடாளுமன்றத்தில் எழும்பி அமைச்சரிடம் கேள்வி கேட்கலாம், அமைச்சர் பதில் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் அகதிகளைப் பற்றிக் கூட்டம் என்றால் அவர் வரமாட்டார்.

"வேறு யாரும்கூட வரமாட்டார்கள், பற்றிமா," என்று ஹன்னா வெட்கமில்லாமல் ஒப்புக்கொண்டாள். "பத்துப் பேர் வருவார்கள். அதில் எட்டுப் பேர் நீங்கள்."

"பின்னே எதற்கு வருவார்கள்?"

"மிருகங்களுக்கு வருவார்கள். அவருக்கு ஆபிரிக்கா என்றால் உயிர். வனவிலங்குச் சங்கத்துக்கே அவர்தான் தலைவர். உன் மைத்துனரிடம் செரங்கெட்டி ஸ்லைட்டுகள் இருக்கின்றன அல்லவா? அவர் அரை மணி நேரம் அந்தப் பூங்காவின் வரலாற்றைச் சொல்லட்டும். பிறகு கோப்பி. கோப்பி குடிக்கும்போது மனிதர்கள் இளகுவார்கள். அப்போது நீ கேள்."

ஆக, சிங்கத்தையும் வரிக்குதிரையையும் காட்டி எம்.பி.யைப் பிடிக்கிறது, பிடித்த கையோடு மகளைப் பற்றிக் கேட்கிறது. பற்றிமாவுக்கு அந்த யோசனையைக் கேட்டதும் துப்பவேண்டும்போல இருந்தது. ஆனாலும் தலையாட்டினாள். துப்புகிற வசதியெல்லாம் பிள்ளையைப் பக்கத்தில் வைத்திருக்கிறவர்களுக்கு.

திட்டம் நேராகத்தான் இருந்தது. அதை லோரன்ஸ் ஊர்த் தமிழ்ச் சங்கத்துக்குக் கொண்டுபோனார். சங்கம் அதைக் கூட்டமாக்கிவிட்டது.

"சரி, நன்றியுரையை விடுங்கோ," என்றாள் பற்றிமா. "பேருரையிலை என்ன சொல்லப் போறியள்? மசாய்ச் சனத்தைக் கலைச்சதைச் சொல்லுவியளோ?"

"அது என்னத்துக்கு இப்ப?"

"என்னத்துக்கோ? எத்தினை தரம் இந்தக் குசினியிலை இருந்து சொல்லியிருக்கிறியள்!" அவள் தோளைக் கூனி, மூக்கு நுனிக்குக் கண்ணாடி இறங்கினதுபோலப் பாவனை செய்து, லோரன்ஸின் குரலிலேயே தொடங்கினாள். "வெள்ளைக்காரன் முதலிலை வந்து சிங்கத்தைச் சுட்டான் பிள்ளை. சுட்டுச் சுட்டுக் குறைஞ்ச உடனை, ஐயோ சிங்கம் எண்டு அழுதான். பிறகு அம்பத்தொண்டிலை பூங்கா எண்டு கோடு கீறினான். கோட்டுக்குள்ளை மாடு மேய்ச்சுக்கொண்டு மசாய்ச் சனம் நிண்டுது. பெரியாக்கள் கொஞ்சப் பேரைக் கூப்பிட்டு ஒரு ஒப்பந்தம் எழுதி, அம்பத்தொன்பதிலை மாடு கண்டு குஞ்சு குருமானோடை எழும்பிப் போங்கோ எண்டு விட்டான். சிங்கத்தோடை காலங்காலமா ஒண்டா இருந்த சனம், பிள்ளை! ஆர் சொன்னது இது? நானோ?"

வெங்காய மூலையிலிருந்து ஒரு சிரிப்பு வந்து, இருமலாக மாறியது.

"அது குசினிக் கதை," என்றார் லோரன்ஸ்.

"அப்ப மண்டபத்துக்கு வேறை கதையோ?"

"விருந்தாளியைக் கூப்பிட்டு வைச்சு வெள்ளைக்காரனைக் குறை சொல்லுறதே? இங்கிதம் எண்டு ஒண்டு இருக்கு."

"டெனிஷ்காரன் அங்கை போய் ஒருத்தரையும் கலைக்கேல்லையே. அவனுக்கு ஏன் சுடப்போகுது?"

"உனக்கு விளங்காது. முதல் மனசைக் குளிரப் பண்ண வேணும். அதுதான் இராசதந்திரம்."

"கார்த்திகை மாசம் ஸ்கீவவிலை ஆரை அத்தான் குளிரப் பண்ணப் போறியள்? இங்கை எல்லாம் ஏற்கெனவே விறைச்சுப்போய்க் கிடக்கு."

"ஸ்ரிபன், உன்ரை மனுசியைக் கொஞ்சம்—"

"நன்றியுரையை எடுமன், பற்றிமா," என்றான் ஸ்ரிபன், தலையை நிமிர்த்தாமல். "ஒண்டுமில்லாததுக்கு அது—"

"நீர் வெங்காயத்தைப் பாரும்."

அவன் வெங்காயத்தைப் பார்த்தான்.

"அருஷாவிலை பத்து வருசம் இருந்தவராம்," என்றாள் பற்றிமா, யாருக்கென்றில்லாமல். "சிங்கத்தைக் கண்டது ரண்டே தரம். அதிலை ஒண்டு கந்தோர் வாசல்லை பாடம் பண்ணி வைச்ச சிங்கம்."

லோரன்ஸ் நிகழ்ச்சி நிரலை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு எழும்பினார். "அந்தச் சிங்கம்," என்றார் கதவடியில் நின்று, "நீ நினைக்கிறதிலும் பெரிசு."

*

ஊர் மண்டபம் நிறைந்துதான் இருந்தது. ஹன்னா சொன்னது சரி. அகதிகள் வந்து இறங்கின நாளில் எட்டிப் பார்க்காத சனமெல்லாம், செரங்கெட்டி என்று சுவரொட்டியில் கண்டதும் கம்பளிச் சட்டையோடும் கேக்குத் தட்டோடும் வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தது. பற்றிமா மண்டபத்துச் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். பின்னால் அடுப்பில் எண்ணெய் கொதித்தது. காலையிலிருந்து கறி வைத்துச் சுற்றின ரோல்ஸ் தட்டுத் தட்டாக இருந்தது. மகளுக்காக ரோல்ஸ் சுற்றுகிறேன் என்று நினைத்தபோது தன்மீதே ஒரு இளக்காரம் வந்தது. அதையும் ஒரு ரோல்ஸுக்குள் வைத்துச் சுற்றிவிட்டாள்.

எம்.பி. ஏழு மணிக்கு, ஒரு நிமிடம் முந்தாமல் பிந்தாமல், வந்தார். நல்ல உயரம், சிவந்த கன்னம், கழுத்துப்பட்டியில் ஒரு சின்ன யானை. கோப்பன்ஹேகனுக்குக் கடைசி விமானம் பக்கத்து ஊர்க் கரூப்பிலிருந்து. எட்டரைக்கு மண்டபத்தை விட்டு வெளிக்கிட வேண்டும், ஹன்னாவின் கணவர் காரோடு நிற்பார் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஒன்றரை மணி நேரம். மனிதரைப்போல நடத்தினால் அது தாராளமான நேரம்.

முதலில் டெனிஷ்காரர் தங்கள் வழக்கப்படி எல்லாருமாகச் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடினார்கள். அது அவர்கள் பங்கு, ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அதன் பிறகு எங்கள் ஆட்கள் தொடங்கினார்கள்.

குத்துவிளக்கு சங்கத் தலைவர் பாலேந்திராவின் வீட்டு விளக்கு. உச்சியில் அன்னம் இருந்தது. பாதிச் சனம் வேதக்காரர் என்றபடியால் உச்சியில் சிலுவையும் வேண்டும் என்று லோரன்ஸ் நின்றார். இரண்டையும் சமாளிக்க அன்னத்தின் கழுத்தில் ஒரு அலுமினியச் சிலுவையை நூலால் கட்டியிருந்தார்கள். மண்டபக் காவலாளி விளக்கைக் கண்டதும் ஓடிவந்தார்.

"இங்கே திறந்த நெருப்புக்கு அனுமதி இல்லை."

"இது நெருப்பில்லை," என்றார் பாலேந்திரா டெனிஷில். "இது கலாசாரம்."

காவலாளி அந்தக் கலாசாரத்தைக் குனிந்து பார்த்தார். எரியப் போகிறதுதான். போய் ஒரு வாளி தண்ணீரோடு வந்து, விளக்குக்குப் பக்கத்தில் வாளியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டார். ஐந்து முகத்துக்கும் ஐந்து பிரமுகர். எம்.பி. ஒன்று, பாலேந்திரா ஒன்று, ஹன்னா ஒன்று, லோரன்ஸ் ஒன்று. ஐந்தாவதுக்கு ஆள் இல்லாமல், ஒருவரையொருவர் பார்த்து, "நீங்கள்", "இல்லை அண்ணை, நீங்கள்", "உங்களை மீறியோ" என்று உபசாரம் நடந்தது. கடைசியில் வாளியோடு நின்ற காவலாளியின் கையில் மெழுகுதிரியைக் கொடுத்து ஏற்றுவித்தார்கள். அவர் ஏற்றிவிட்டு வாளியைத் திரும்பத் தூக்கினார். அன்னத்தின் சிலுவை கழன்று எண்ணெய்க்குள் விழுந்தது.

"பாத்தியளே?" என்றாள் பற்றிமா, பக்கத்தில் தட்டு அடுக்கிக்கொண்டு நின்ற தவமணியிடம். தவமணி பாலேந்திராவின் மனைவி. "ரண்டு சாமியும் கைவிட்டாச்சு."

"உஷ், பிள்ளை. இப்ப நான் வரவேற்புரை வாசிக்க வேணும்."

"சுருக்கா முடியுங்கோ அக்கா, உங்களைக் கும்பிடுறன்."

தவமணி பாவம், சுருக்கமாகத்தான் முடித்தாள். அவளுடைய கணவருக்கு அந்த நோய் இல்லை. பாலேந்திரா பகலில் கோழிப்பண்ணையில் கூடு கழுவுகிறவர். அதில் ஒரு குறையும் இல்லை, பற்றிமாவும் முதியோர் இல்லத்தில் கழிவறை கழுவுகிறவள்தான். ஆனால் பின்னேரமானால் பாலேந்திரா தலைவர். கிழமையில் ஐந்து நாளும் கோழியைத் தவிர வேறு எவரும் கேட்காத குரல் ஆறாம் நாள் ஒலிவாங்கியைக் கண்டால் என்ன செய்யும்? குமரிக்கண்டம் கடலுக்குள் போன கதையிலிருந்து தொடங்கினார். தமிழன் கப்பல் கட்டினான், தமிழன் கணக்குக் கண்டான், ஆபிரிக்காவும் தமிழனுக்குப் புதிதில்லை, அந்தக் கண்டமும் குமரியும் ஒருகாலத்தில் ஒட்டியிருந்தவை, ஆகவே இன்றைய பேச்சாளர் உண்மையில் பக்கத்து ஊருக்குப் போய்வந்தவர்தான் என்றார். தமிழில் ஒரு வசனம். அதை டெனிஷில் லோரன்ஸ் மூன்று வசனமாக்கினார். எம்.பி. சிரித்த முகத்தை இறக்காமல் மணிக்கூட்டைப் பார்த்தார். டெனிஷ்காரருக்கு அது நன்றாக வரும், முகம் ஒரு வேலை, கண் ஒரு வேலை.

பற்றிமாவும் மணிக்கூட்டைப் பார்த்தாள். ஒரு தட்டு ரோல்ஸைக் கொண்டுபோய் மேடை ஓரத்தில் தொப்பென்று வைத்தாள், தலைவருக்கு விளங்கட்டும் என்று. தலைவர் அதில் ஒன்றை எடுத்துக் கடித்து, தெம்போடு தொடர்ந்தார்.

லோரன்ஸின் முறை வந்தபோது எட்டு மணிக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது.

விளக்கை அணைத்தார்கள். முதல் ஸ்லைட்டில் ஒட்டகச்சிவிங்கி தலைகீழாக நின்றது. மண்டபம் அன்பாகச் சிரித்தது. திருப்பிப் போட்டார்கள். எம்.பி. கதிரையின் நுனிக்கு வந்தார். அந்த முகம் சின்னப் பிள்ளையின் முகமாக மாறினதைப் பற்றிமா வாசலில் நின்று பார்த்தாள். முக்கால் மணித்தியாலமாகத் தமிழரைப் பார்க்க அந்த முகம் இப்படி மாறவில்லை.

லோரன்ஸ் நன்றாகத்தான் பேசினார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். செரங்கெட்டி என்றால் முடிவில்லாத வெளி என்றார். வரிக்குதிரையைப்போலக் கோடு தீட்டின விமானத்தில் பறந்து ஒரு தகப்பனும் மகனும் மந்தைகளை எண்ணின கதையைச் சொன்னார். நூ என்கிற காட்டுமாடுகள் லட்சக்கணக்கில் மழையைத் தேடி எல்லை கடந்து கென்யாவுக்குப் போய், திரும்பி வருகிறதைச் சொன்னார். ஆற்றைக் கடக்கிறபோது தாயைத் தவறவிட்ட கன்று கத்திக்கொண்டே திரியும், வேறு எந்தப் பசுவும் அதைச் சேர்க்காது என்றார்.

"நான் அதைக் கண்டிருக்கிறேன்," என்று இருட்டுக்குள்ளிருந்து எம்.பி.யின் குரல் வந்தது. கரகரத்தது. "என் கண்ணால் கண்டிருக்கிறேன். அன்று இரவு எனக்குச் சாப்பிட முடியவில்லை."

மண்டபம் பெருமூச்சு விட்டது. எம்.பி. கைக்குட்டை எடுத்தார். பிறகு தான் கண்டதை எல்லாம் சொல்லத் தொடங்கினார், கூடாரம், பள்ளத்தாக்கு, சூரியன் விழுந்த விதம். லோரன்ஸ் தலையாட்டித் தலையாட்டி எடுத்துக் கொடுத்தார். பேருரையை இப்போது விருந்தாளியே செய்துகொண்டிருந்தார்.

"மாட்டுக்கண்டுக்கு அழுறார்," என்றாள் பற்றிமா.

"நல்ல மனுசன் போல," என்றாள் தவமணி.

"ஓம் அக்கா. நாலு காலும் வாலும் இருந்தால் நானும் போய்ப் பக்கத்திலை நிண்டிருப்பன்."

முன் வரிசையில் ஒரு கிழவி கையைத் தூக்கினாள். பன்றிப் பண்ணைக்காரி, நேராகப் பேசுகிறவள். "அங்கே முதலில் யாரும் இருக்கவில்லையா? மனிதர்கள்?"

பற்றிமா தட்டைக் கீழே வைத்தாள்.

லோரன்ஸ் ஒரு கணம் வாசல் பக்கம் பார்த்தார், அவள் நிற்கிறதைக் கண்டார், பார்வையைத் திருப்பிக்கொண்டார். "மசாய் மக்கள் இருந்தார்கள்," என்றார் தன் மிக அழகான டெனிஷில். "பூங்கா வந்தபோது அவர்கள் பெருமனதோடு இடம் விட்டுக்கொடுத்தார்கள்."

"எவ்வளவு அருமை," என்றாள் கிழவி, சந்தேகத்தோடு.

"பெருமனசு!" என்றாள் பற்றிமா. "குசினியிலை இருக்கேக்கை கலைச்சவங்கள். மண்டபத்துக்கு வந்த உடனை மசாய்ச் சனத்துக்குப் பெருமனசு வந்திட்டுது. ஒப்பந்தம் எழுதினவனே இதைக் கேட்டால் வெக்கப்படுவான்."

எம்.பி. எழும்பினார். உணர்ச்சி வசப்பட்டிருந்தார். "ஒரே ஒரு கேள்வி. இந்த மிருகங்கள் யாருக்குச் சொந்தம்? தன்சானியாவுக்கா? கென்யாவுக்கா?"

லோரன்ஸ் இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர்போல நிமிர்ந்தார். "ஐயா, அவை உலகத்துக்கே சொந்தம்."

"ஆம்!" எம்.பி. மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தார். "உலகத்துக்கே சொந்தம்! நாம் எல்லோரும் பொறுப்பு!"

கைதட்டல் ஓயவில்லை. விளக்கைப் போட்டார்கள். அந்த வெளிச்சத்தோடு ஹன்னாவின் கணவர் கையில் கார்ச் சாவியைக் குலுக்கிக்கொண்டு வாசலில் நின்றார். எட்டரை.

கோப்பிக் கேத்தல்கள் மேசையில் ஆவி விட்டுக்கொண்டு நின்றன. இளகுகிறதற்கென்று வைத்த கோப்பி. யாரும் ஒரு சொட்டு ஊற்றவில்லை.

ஹன்னா சமையலறைக்குள் ஓடிவந்தாள். அவளுடைய கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. "மன்னித்துக்கொள், பற்றிமா. இவ்வளவு பேச்சு என்று நான் நினைக்கவே இல்லை. இன்னொரு நாள் கட்டாயம்—"

"இன்னொரு நாளெண்டா தைக்கு முந்தியோ, பிந்தியோ?" பற்றிமா தமிழிலேயே கேட்டாள். டெனிஷில் கேட்டாலும் பதில் அதேதான்.

மண்டபத்தில் பாலேந்திரா எம்.பி.க்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார். எம்.பி. ஏற்கெனவே கோட்டு மாட்டிவிட்டார், அதனால் சரிகைக் கரை வைத்த சால்வை கோட்டுக்கு மேலே போனது. அதைக் கழற்றுகிறதா, அப்படியே போகிறதா என்று தெரியாமல் மனிதர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றார். கையைக் குலுக்கினார். தொப்பியை எடுத்தார். ஒரு அடி வைத்தார்.

"ஒரு நிமிசம்! ஒரு நிமிசம், ஐயா!"

லோரன்ஸ். நிகழ்ச்சி நிரலை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, மற்றக் கையை ரயில் கடவைப் படலை மாதிரி நீட்டி எம்.பி.யை மறித்துக்கொண்டு நின்றார். இத்தனை வருடத்தில் அவர் இருந்த எந்தக் கூட்டமும் நன்றியுரை இல்லாமல் முடிந்ததில்லை. இடி விழுந்தாலும் முடியாது.

"நன்றியுரை," என்று அறிவித்தார். "திருமதி பற்றிமா ஸ்ரிபன்."

பற்றிமா முன்தானையில் கையைத் துடைத்தாள். வாசலிலிருந்து மேடைவரை நடக்கிறபோதுதான் கவனித்தாள், எழும்பின டெனிஷ்காரர் எல்லாரும் திரும்ப உட்கார்ந்துவிட்டார்கள். ஹன்னாவின் கணவர் சாவியைக் குலுக்குகிறதை நிறுத்திவிட்டார். எம்.பி. கோட்டும் பொன்னாடையுமாகத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார், முகத்தில் அந்தச் சிரிப்போடு. நன்றி சொல்லிக்கொண்டிருக்கிற ஒருத்தியை விட்டுவிட்டு நடக்க இவர்களுக்கும் முடியாது. அதில் மட்டும் இரண்டு சாதியும் ஒன்று.

பார்த்தியோ, என்று நினைத்தாள். நன்றியுரை எல்லாரும் மிதித்துப் போகிற படி. ஆனால் ஏறினால் இறக்க ஆளில்லை.

லோரன்ஸ் பக்கத்தில் வந்து காதுக்குள் சொன்னார், "சுருக்கமா, பிள்ளை. ரண்டு வசனம்."

"ஓம் அத்தான். நீங்கள் சுருக்கினது போலவே."

அவளுடைய டெனிஷ் முதியோர் இல்லத்தில் பழகினது. குட்டை வசனங்கள், சோடனை இல்லை. டெனிஷில் அமைச்சரும் நீ, கோழிக்கூடு கழுவுகிறவனும் நீ. வந்த புதிதில் வாய் கூசின அந்த 'நீ' இன்றைக்கு நாக்குக்கு நல்ல வாகாக இருந்தது.

"வாளியோடு நின்றவருக்கு நன்றி," என்று தொடங்கினாள். காவலாளி வெட்கத்தோடு வாளியை உயர்த்தினார். சனம் சிரித்தது. "எங்கள் தலைவருக்கு நன்றி. குமரிக்கண்டத்திலிருந்து ஸ்கீவவுக்கு வர அவருக்கு அரை மணி நேரம்தான் எடுத்தது." தமிழர் பக்கத்தில் யாரோ கனைத்தார்கள். பாலேந்திரா பெருமையோடு தலைகுனிந்தார்.

"என் அத்தானுக்கு நன்றி. நல்ல வரலாறு சொன்னார். மசாய் மக்களுக்கு நன்றி. பெருமனதோடு எழும்பிப் போனார்களாம். நாங்களும் மன்னாரிலிருந்து பெருமனதோடுதான் எழும்பி வந்தோம்."

சிரிப்பு நின்றது. பன்றிப் பண்ணைக் கிழவி மட்டும் "ஹா" என்றாள். லோரன்ஸ் நிகழ்ச்சி நிரலைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் ஏதாவது உதவி எழுதியிருக்கிறதா என்பதுபோல.

"கோப்பன்ஹேகனில் ஒரு கந்தோருக்கும் நன்றி. என் மகளின் விண்ணப்பத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஒரு வருடத்துக்கு மேல். காற்றுக்கூடப் படவில்லை. அவ்வளவு கவனம். அவளுடைய பெயர் சுஜாந்தினி. அவள் எங்களை விட்டு ஒரு ஊரில் இருக்கிறாள். அங்கே இராணுவம் நிற்கிறது. அவளை யாரும் விமானத்திலிருந்து எண்ணவில்லை."

"பற்றிமா," என்றார் லோரன்ஸ் பல்லுக்குள்ளால், தமிழில். "பற்றிமா, காணும். நன்றியுரையிலை இதெல்லாம்—"

"அண்ணை," என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. ஸ்ரிபன். எழும்பி நின்றான். கையில் வெங்காயம் இல்லை. "அவளைக் கதைக்க விடுங்கோ."

லோரன்ஸ் ஒரு அடி பின்னுக்கு விலகினார். எம்.பி.யின் சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது, ஆனால் அதை அங்கே வைத்தவர் எடுக்க மறந்துபோய்விட்டார். ஒரு தோளிலிருந்து பொன்னாடை மெல்ல வழுகியது. அதைப் பிடிக்கக் கை போகவில்லை.

"கடைசியாக உனக்கு நன்றி," என்றாள் பற்றிமா, அவருக்கு நேரே திரும்பி. "நீ வந்தாய். கன்றுக்காக அழுதாய். நான் வாசலில் நின்று பார்த்தேன். நீ நாடாளுமன்றத்தில் எழும்பிக் கேட்கலாம், அமைச்சர் பதில் சொல்லவேண்டும் என்று எனக்குச் சொன்னார்கள். அமைச்சரிடம் கேட்க முதல், நீ எனக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போ. மிருகங்கள் உலகத்துக்கே சொந்தம் என்றாய். தை மாதம் என் மகளுக்குப் பதினெட்டு வயது. அதற்குப் பிறகு அவள் என் பிள்ளை இல்லை என்று உங்கள் சட்டம் சொல்கிறது. அப்போது அவள் யாருக்குச் சொந்தம்?"